ஏறி வந்தவரா, ஏற்கெனவே இருந்தவரா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒரு ஏரிக்கரையில வீடுகளை இடிச்ச செய்தி போட்டிருந்தோம். அரைப் பக்கச் செய்தி, அதுல "ஆக்கிரமிப்பாளர்கள்"னு நாலு தடவை வந்திருக்கு. அந்த ஒரு வார்த்தைக்கு வந்த கடிதமும் வாட்ஸப் மெசேஜும் மத்த எல்லா கேள்வியையும் பின்னாடி தள்ளிடுச்சு, அதனால சினிமா கேள்வி, சமையல் கேள்வி கேட்டவங்க எல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. இந்தத் தடவை முழுக்க நிலமும், அதுல இருக்கறவங்களுக்கு வைக்கிற பேரும்தான்.

சார், நாங்க 1986ல இருந்து அந்த ஏரிக்கரையில இருக்கோம். ரேஷன் கார்டு, கரண்ட், வீட்டு வரி எல்லாம் இருக்கு. எங்க அப்பா கட்டின வீட்ல நாங்க இருக்கோம், எங்களைப் போய் ஆக்கிரமிப்பாளர்னு எப்படி எழுதுனீங்க?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

முதல்ல மன்னிச்சுக்கோங்கம்மா. அதிகாரிங்க கொடுத்த பத்திரிகைக் குறிப்பை அப்படியே எடுத்துப் போட்ட செய்தி அது, கடைசியா படிச்சுப் பார்த்து அனுப்பினது நான்தான், அந்த வார்த்தை கண்ணுல உறுத்தவே இல்ல. பழகிப் போச்சு.

சட்டத்துல அந்த வார்த்தை இருக்கறது உண்மைதான். 1905ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னிக்கும் நடப்புல இருக்கு, அதுல 7வது பிரிவுல நோட்டீஸ் கொடுத்து 6வது பிரிவுல வெளியேத்துவாங்க, ஏரிங்களுக்குன்னு தனியா 2007ல இன்னொரு சட்டமும் வந்துச்சு. அந்தக் கணக்குல உங்க அப்பா ஆக்கிரமிப்பாளர். ஆனா அதே சர்க்கார்தான் வீட்டு வரி ரசீதுல அவரை "உரிமையாளர்"னு எழுதியிருக்கும், ரேஷன் கார்டுல "குடும்பத் தலைவர்"னு எழுதியிருக்கும், எலெக்ஷன் லிஸ்ட்ல "வாக்காளர்"னு எழுதியிருக்கும். எந்த டிபார்ட்மென்ட் பேனா பிடிக்குதோ அந்தப் பேரு.

எங்க பாட்டி வீடும் வாய்க்கால் புறம்போக்குல இருந்ததுதான். ஒரு தகரப்பெட்டி வெச்சிருப்பாங்க, அதுல தாத்தா போட்டோ, தோடு அடகு வெச்ச சீட்டு, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு, அது பூரா பி மெமோ ரசீது. பி மெமோ தெரியாதவங்களுக்குச் சொல்றேன், சர்க்கார் நிலத்துல யாரு எத்தனை சென்ட் பிடிச்சிருக்காங்கன்னு பசலிக்கு ஒரு தடவை, அதாவது ஜூலையில இருந்து ஜூன் வரைக்கும் உள்ள வருவாய் வருஷத்துக்கு ஒரு தடவை, கிராமக் கணக்குல எழுதி, தீர்வையும் அபராதமும் போட்டு கையில கொடுக்கற சீட்டு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஒவ்வொரு கட்டத்தையும் விரலை வெச்சுக் காட்டுவாங்க, இது சர்வே நம்பரு, இது மூணே கால் சென்ட்டு, இது கூரை வீடுன்னு எழுதினது, இதான் என் பேருன்னு. பேருக்கு மேல "ஆக்கிரமணதாரர்"னு இருக்கும். அதைப் பாட்டி ஏதோ மிராசுதாரர் மாதிரி ஒரு பட்டம்னு நினைச்சுட்டு இருந்தாங்க. "நானாச்சும் ஆக்கிரமணதாரு, எதுத்த வீட்டுக்காரிக்கு அந்தச் சீட்டு கூட கிடையாது"ன்னு பெருமையா சொல்வாங்க. அபராதம் கட்டின ரசீதை நகைப்பெட்டியில வெச்சுப் பூட்டற ஊரு நம்ம ஊரு.

இந்த மாதிரி நிலத்துல பயிர் வெச்சா அதுக்கு "சிவாய்ஜமா"ன்னு பேரு. பழைய உருதுக் கணக்குச் சொல்லு. ஜமான்னா வசூலாக வேண்டிய தொகை, சிவாய்னா அதுக்கு மேலே, அது போக. வழக்கமான வரவுக்கு மேல வந்த உபரி வரும்படி, அவ்வளவுதான் அர்த்தம். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைக்கு அவன் குத்தவாளியாத் தெரியல, எக்ஸ்ட்ரா வரும்படியாத் தெரிஞ்சிருக்கான்.

இன்னொன்னு சொல்லணும். சென்னை தி.நகர் இருக்கே, அது 1920கள்ல நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கின ஊரு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு இருக்கு, வியூ இருக்கு, லேக்கைத்தான் காணோம். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துலதான் வள்ளுவர் கோட்டம் நிக்குது, பக்கத்துல இன்னிக்கும் லேக் ஏரியான்னுதான் சொல்றாங்க. அங்க இருக்கற யாரையும் யாரும் ஆக்கிரமிப்பாளர்னு எழுதினது கிடையாது, ஏன்னா அங்க ஏரியைத் தூர்த்தது சர்க்கார், அதுக்கு "நகர விரிவாக்கம்"னு பேரு. உங்க அப்பா பண்ணினதும் அதேதான், என்ன, கையில பிளான் அப்ரூவல் இல்லாம பண்ணிட்டாரு. ஏரி நிரம்பினா தண்ணி உங்க வீட்டுக்குள்ளதான் முதல்ல வரும், ஏரியைக் காப்பாத்தணும்ங்கறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி நாள் வரைக்கும் வரி வாங்கினவங்க வைக்கிற பேரை நாங்களும் சேர்ந்து வைக்க வேண்டியதில்ல. இனிமே எங்க செய்தியில "ஏரிப் புறம்போக்குல வீடு கட்டி இருக்கறவங்க"ன்னு போடுவோம், நாலு வார்த்தை கூட ஆகுது, ஆகட்டும்.

ஒருவேளை மாத்து வீடு கொடுத்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் அனுப்பினாங்கன்னா லாரியில ஏறும்போது ஆக்கிரமிப்பாளரா இருக்கற நீங்க இறங்கும்போது "பயனாளி" ஆயிடுவீங்க, சாவி கையில வந்ததும் "ஒதுக்கீடுதாரர்". குடிசை மாற்று வாரியமே 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரை மாத்திக்கிச்சு.

புறம்போக்குன்னு ஏன் திட்டறாங்க?
– ஒரு வாசகர், ஆரணி

புறம்போக்குன்னா தீர்வை போடற கணக்குக்கு வெளியில விட்ட நிலம். மேய்க்கால், மந்தை, சுடுகாடு, ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் அதுதான், அதாவது ஊருக்கே பொதுவான இடம். வரி வராததால சர்க்கார் கணக்குல அதுக்கு மதிப்பு இல்லாமப் போச்சு, அப்புறம் வேலைவெட்டி இல்லாதவனையும் அதே பேர் சொல்லித் திட்ட ஆரம்பிச்சாங்க. மாடு மேய்க்கறவங்கிட்ட கேட்டா மாத்திச் சொல்வான்.

எங்க ஊர்ப் பேரே குடியேற்றம். பேச்சுல குடியாத்தம் ஆயிடுச்சு. எங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா "வந்தேறி"ன்னா சண்டைக்கு வர்றாங்க. ரெண்டுலயும் "ஏறு"தானே இருக்கு, என்ன வித்தியாசம்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

நல்லா பிடிச்சீங்க. குடி ஏறினவன் குடியேறி, வந்து ஏறினவன் வந்தேறி. முதல்ல உள்ளதுல வீடு இருக்கு, குடும்பம் இருக்கு, அடுப்பு இருக்கு. ரெண்டாவதுல வந்தது மட்டும்தான் இருக்கு, எத்தனை தலைமுறை ஆனாலும் அவன் இன்னும் வாசப்படியில நிக்கற மாதிரியே தொனி. வந்தேறின்னு சொல்றவர் தன்னோட தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர்லருந்து வந்தார்னு கேட்டா பேச்சை மாத்திடுவார், நான் ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டுப் பார்த்துட்டேன்.

மலையாளத்துல இது இன்னும் அழகா இருக்கும். அங்க "குடியேற்றம்" ஒண்ணு, "கையேற்றம்" ஒண்ணு. குடும்பத்தோட போய்க் காட்டைத் திருத்திக் கப்பக்கிழங்கு நட்டா குடியேற்றம், கையை நீட்டி சர்க்கார் நிலத்தை எடுத்துக்கிட்டா கையேற்றம். திருவிதாங்கூர்லருந்து 1920கள் தொடங்கி மலபாருக்கும் அப்புறம் இடுக்கி மலைக்கும் போன விவசாயிகளை அங்க குடியேற்றக்காரங்கன்னு மரியாதையாத்தான் சொல்வாங்க. இடுக்கியில 1977 ஜனவரி 1க்கு முன்னாடி வந்தவங்களுக்குப் பட்டயம், அதாவது பட்டா, கொடுக்கறதுன்னு தேதி குறிச்சாங்க, அந்த ராத்திரிக்கு முன்னாடி வந்தவன் குடி ஏறினவன், மறுநாள் வந்தவன் கை ஏறினவன்.

சங்க காலத்துக்குப் போனாலும் இதே கதைதான். பட்டினப்பாலையில கரிகாலனைப் புகழும்போது "காடு கொன்று நாடாக்கி"ன்னு வருது. கொன்றுங்கற சொல்லை ஒளிக்காம போட்டிருக்காரு புலவர், அந்தக் காட்டுல ஏற்கெனவே யார் இருந்தாங்கங்கறதுதான் பாட்டுல இல்ல.

மொழிபெயர்ப்பு வேலை பாக்கறேன். "செட்லர்", "ஸ்குவாட்டர்" ரெண்டுக்கும் தமிழ்ல என்ன போடறது? டிக்ஷனரியில ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு.
– ஒரு வாசகி, கோவை

டிக்ஷனரியை மூடிட்டு, எந்த ஊரு, எந்த வருஷம்னு முதல்ல பாருங்க, ஏன்னா இந்த வார்த்தைங்க எல்லாம் கட்சி மாறும்.

ஸ்குவாட்டர்னா குந்தி உக்காந்தவன்னுதான் அர்த்தம். ஆஸ்திரேலியாவுல ஆரம்பத்துல அது கேவலமான பேச்சு, அனுமதி இல்லாம அரசு நிலத்துல ஆடு மேய்க்கறவன்னு. 1836ல வருஷத்துக்கு 10 பவுண்டு லைசென்ஸ் கட்டினா எவ்வளவு பெரிய நிலத்துல வேணாலும் மேய்ச்சுக்கலாம்னு ஆச்சு, கொஞ்ச வருஷத்துல அந்தக் குந்தினவங்கதான் அந்த நாட்டோட பெரிய பணக்காரங்க, ஸ்குவாட்டர்னா ஜமீன்தார் மாதிரி கௌரவமான வார்த்தை ஆயிடுச்சு. அந்தக் காலத்து ஆஸ்திரேலியக் கதையில இந்த வார்த்தை வந்து நீங்க "குடிசைவாசி"ன்னு போட்டீங்கன்னா கதையே கவுந்துடும். "பண்ணையார்"னு போடுங்க. (அந்த நிலமெல்லாம் அங்க இருந்த பூர்வகுடிகளோடதுங்கறது லைசென்ஸ்ல எங்கயும் கிடையாது.)

அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல 1889 ஏப்ரல் 22 மதியம் 12 மணிக்கு சிக்னல் கொடுத்ததும் ஓடிப் போய் யார் முதல்ல கம்பு நடறாங்களோ அவங்களுக்கு நிலம்னு சொன்னாங்க. க்ரீக், செமினோல் பழங்குடிகள்கிட்ட இருந்து வாங்கின நிலம் அது. 12 மணிக்கு முன்னாடியே திருட்டுத்தனமா உள்ள பூந்து புதர்ல ஒளிஞ்சிருந்தவங்களை "சூனர்"னு திட்டினாங்க, சீக்கிரமே வந்தவன்னு. இப்ப அந்த மாநிலத்துக்கே அதுதான் செல்லப்பேரு, யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கும் அதே பேரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரேசில். பத்திரம் இல்லாம நிலத்துல உழைச்சுப் பிழைக்கறவனுக்கு "பொசெய்ரோ"ன்னு பேரு, நம்ம "அனுபவதாரர்" மாதிரி. போலிப் பத்திரம் பண்ணி ஆயிரக்கணக்கான ஏக்கரை அமுக்கறவன் "கிரிலெய்ரோ". கிரிலோன்னா சில்வண்டு. புதுசா எழுதின போலிப் பத்திரத்தை சில்வண்டு நிறைஞ்ச பெட்டியில போட்டு வெச்சா அதுங்க கடிச்சு அழுக்காக்கி, தாள் மஞ்சளடிச்சு நூறு வருஷப் பத்திரம் மாதிரி ஆயிடுமாம், அந்த வார்த்தைக்குச் சொல்ற கதை இது. அதே ஊர்ல நிலமில்லாத தொழிலாளர் இயக்கம் ஒரு பண்ணைக்குள்ள போய்க் கூடாரம் போட்டா அவங்க "ஆக்குபேஷன்"ம்பாங்க, பண்ணைக்காரர் பக்கம் நிக்கற பத்திரிகை "படையெடுப்பு"ன்னு போடும்.

நம்ம தமிழ்ல எழுத்து மொழியில ராணுவம் ஒரு நாட்டைப் பிடிச்சாலும் ஆக்கிரமிப்பு, பிளாட்பாரத்துல இளநீர் வண்டி நின்னாலும் ஆக்கிரமிப்பு. இது நம்ம எழுத்து நடையோட பெரிய ஓட்டை. பேச்சுத் தமிழ் இந்த விஷயத்துல ரொம்ப உஷாரு. ஏழை பண்ணினா "குடிசை போட்டுக்கிட்டான்"னு சொல்லும், பெரிய மனுஷன் பண்ணினா "வளைச்சுப் போட்டுட்டான்"னு சொல்லும், ராத்திரியோட ராத்திரியா பண்ணினா "கல்லு நட்டுட்டான்", ஆளை மிரட்டிப் பண்ணினா "அமுக்கிட்டான்". பங்காளி வேலியை வருஷத்துக்கு ஒரு அடி தள்ளினா அதுக்குன்னே "வரப்பு வெட்டறது"ன்னு தனியா இருக்கு. மொழிபெயர்க்கும்போது இதுல இருந்து எடுங்க, ஒரு வினைச்சொல் போதும், ஆள் யாருன்னு வாசகருக்குப் புரிஞ்சுடும்.

எங்க தாத்தா சிலோன்ல இருந்து வந்தவர். நான் கூடலூர்லதான் பொறந்தேன். சிலோன்காரன்னு சொல்றாங்க, ஆக்கிரமிப்புன்னு ஃபாரஸ்ட்ல சொல்றாங்க, தாயகம் திரும்பியோர்னு சர்டிபிகேட்ல இருக்கு. நான் யாருங்கண்ணே?
– ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி

தம்பி, இந்தத் தலைப்புல பிஎச்.டி. பண்றவங்க உங்க ஊருக்கு வந்து ஒரு டீக்கடையில உக்காந்தா போதும், எல்லா வார்த்தையும் ஒரே பெஞ்சுல கிடைக்கும்.

அந்த மலை நிலம் ரொம்ப காலமா நிலம்பூர் கோவிலகத்தோட, அதாவது கேரளப் பக்கத்து ராஜ குடும்பத்தோட, ஜன்ம நிலம். ஜன்மம்னா பிறவி, பிறப்புரிமையா வந்ததுன்னு அர்த்தம். ஆனா அந்தக் காட்டுல பிறந்து வளர்ந்த பணியருக்கும் குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் அந்த ஜன்மம் கிடையாது, கீழ நிலம்பூர்ல இருந்தவங்களுக்குத்தான் ஜன்மம். 1969ல ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டாங்க. எஸ்டேட் குத்தகை நிலம் எல்லாம் அதுல 17வது பிரிவுல மாட்டிக்கிட்டு கேஸாவே கிடந்துச்சு, உங்க ஊர்ல "செக்ஷன் 17"ன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. அந்த நிலத்துலயே கேரளாவுல இருந்து வந்தவங்க, நீங்க, கீழ இருந்து கூலிக்கு வந்தவங்க எல்லாரும் வீடு கட்டினாங்க. நாடு பூரா காட்டு வழக்குன்னா எடுத்துக் காட்டற கோதவர்மன் கேஸ் கூட உங்க கூடலூர்க் காட்டுல மரம் வெட்டினதுக்கு எதிரா 1995ல நிலம்பூர் கோவிலகத்துக்காரர் போட்டதுதான்.

உங்க தாத்தா கதை 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல வருது. 1948ல இலங்கையில குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடில்லாதவங்களா ஆக்கி, அப்புறம் ரெண்டு நாடும் தலையை எண்ணிப் பங்கு போட்டுச்சு. அங்கேயே பிறந்தவங்களையும் "தாயகம் திரும்பியோர்"னாங்க. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்பறது? வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல காட்டை வெட்டி அரசு தேயிலைத் தோட்டம் போட்டாங்க, டான்டீ ஆனது அதுதான். அங்க இருந்தப்ப "கள்ளத்தோணி", இங்க வந்து "சிலோன்காரன்".

சட்டத்துல உங்களுக்கு ஒரு வார்த்தை இருக்கான்னு பார்த்தா, 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்தா போதும்னு சொல்லுது, மத்தவங்கன்னா மூணு தலைமுறை, 75 வருஷம் அந்தக் காட்டுல இருந்திருக்கணும். 1964க்கு அப்புறம் வந்தவருக்கு அது 2005ல எங்க வரும்? பணியரையும் காட்டுநாயக்கரையும் ஆக்கிரமிப்பாளர்னு எழுதிட்டிருந்த அரசாங்கம் "வனத்தில் வாழ்பவர்"னு மாத்தி எழுதினது அந்தச் சட்டத்துலதான், அது நியாயம். உங்களுக்குத்தான் இன்னும் ஒரு நல்ல சொல்லு கிடைக்கல. "கூடலூர்க்காரன்"னு சொல்லுங்க, பொறந்த ஊரு அதானே.

"குடியேற்றம்" என்றால் உங்கள் ஊரில் சாதாரணமாய்ப் பாவிக்கிறியள். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். கவனிச்சு எழுதுங்கோ.
– ஒரு வாசகர், வவுனியா

சரியாச் சொன்னீங்க ஐயா, நாங்க இதை மறந்துடறோம். கிழக்கிலங்கையில கல்லோயாவுல 1949லயே அபிவிருத்திச் சபை போட்டு அணை கட்டி, நம்பர் போட்ட கொலனிகள்ல ஆளைக் குடியமர்த்த ஆரம்பிச்சதுல இருந்து கிழக்குல "குடியேற்றத் திட்டம்"னா அரசாங்கம் வேற இடத்துல இருந்து ஆளைக் கொண்டு வந்து இறக்கி, ஜனத்தொகைக் கணக்கையும் வோட்டுக் கணக்கையும் மாத்தறதுன்னு ஆயிடுச்சு. அந்த ஏழைச் சிங்கள விவசாயிக்கு அது பெர்மிட் காணி, பக்கத்து ஊர்த் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அது தன் காணி போனது. அதே சொல்லுக்கு முன்னாடி "மீள்"னு ரெண்டு எழுத்தைச் சேர்த்து "மீள்குடியேற்றம்"னா, முகாம்ல இருந்து சொந்த வீட்டுக்குத் திரும்பறது, அதுக்காக ஜனம் வருஷக்கணக்கா காத்துக் கிடக்குது.

ஒண்ணு பொறாமையாச் சொல்றேன். "காணி"ங்கற சொல்லை நீங்கதான் உயிரோட வெச்சிருக்கீங்க. இங்க அது பாரதி பாட்டுலயும், 1.32 ஏக்கர் ஒரு காணிங்கற பழைய கணக்குலயும்தான் மிச்சம். ஒரு காலத்துல இங்கயும் காணியாட்சி, அதாவது பரம்பரை நில உரிமை, இருந்துச்சு, ஊர்லயே பரம்பரையா இருந்து உழற குடியை உள்குடின்னும் வெளியூர்ல இருந்து வந்து உழறவனைப் பரகுடின்னும் பிரிச்சு வெச்சிருந்தாங்க. பரகுடின்னதுல கோபம் இல்ல, அவனுக்கு உரிமை கம்மி, அவ்வளவுதான், வந்தேறின்னு யாரும் கத்தல.

12 வருஷம் ஒரு இடத்துல இருந்தா அது நமக்குச் சொந்தமாமே?
– ஒரு வாசகர், சேலம்

டீக்கடை சட்டம். தனியார் நிலம்னா 12 வருஷம், சர்க்கார் நிலம்னா 30 வருஷம், 1963 காலவரையறைச் சட்டத்துல இருக்கு. ஆனா சும்மா இருந்தா போதாது, சொந்தக்காரருக்குத் தெரியற மாதிரி, அவர் உரிமையை மறுத்து, இடைவிடாம அனுபவிச்சிருக்கணும், இதுக்கு பத்திரத் தமிழ்ல "எதிரிடை அனுபோகம்"னு பேரு. வாடகைக்கு இருந்தவர், குத்தகைக்கு இருந்தவர், "மாமா கொஞ்ச நாள் இருந்துக்கறேன்"னு கேட்டு வந்தவர், இவங்க எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தக் கணக்குல வராது. முன்னாடி சொன்ன எங்க பாட்டியோட ரசீதுக் கட்டு கூட இதுக்கு உதவல. அபராதம் கட்டினாலே இடம் சர்க்காரோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரின்னு வக்கீல் சொல்லிட்டாரு, அரசு மனசு வெச்சு ஒப்படைப் பட்டா கொடுத்தா இத்தனை வருஷமா இருக்காங்கன்னு காட்டத்தான் அது லாயக்காம். உங்க இடத்துக்கு உங்க வக்கீலைப் பாருங்க.

வாடகைக்கு இருக்கறவங்களைக் குடித்தனக்காரர்னு சொல்றோம், ஓனர் மட்டும் குடித்தனம் பண்ணலையா?
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பண்றார், ஆனா அவருக்கு அந்தப் பேர் தேவைப்படல, கதவுல அவர் பேர் போர்டு இருக்கே. இதுல எனக்குப் பிடிச்சது உங்க ஏரியாவுலயே புழங்கின "ஒண்டுக்குடித்தனம்". ஒண்டறதுன்னா மழைக்கு அடுத்தவங்க திண்ணையில ஒதுங்கற மாதிரி ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்கறது. ஒரே வாசல்ல ஏழெட்டு குடும்பம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ், முப்பது வருஷம் ஒண்டினவங்களும் இருக்காங்க. கோயில் மனையில வீடு கட்டி இருக்கறவங்க கதை இன்னும் வேடிக்கை, அடிமனை சாமியோடது, மேல இருக்கற செங்கல்லு இவங்களோடது, வீட்டை வித்தா செங்கல்லுக்குத்தான் விலை. உங்க தெருப் பக்கம் அப்படி ஒரு வீட்ல நான் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்தேன், அதாவது சாமிகிட்ட குடியிருந்தவர்கிட்ட நான் குடியிருந்தேன். மாசம் அஞ்சாம் தேதி வாடகை தாமதமானா அவர் கதவைத் தட்டி "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, பெருமாளுக்குக் கட்டணும்"பாரு.